சீவிய உரித்து எழுதாத வீடு

இரண்டு நாளைக்குள் பெண்சாதியிடம் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்காகத்தான் கிண்ணியா வெல்டிங் முனீப் தன்னுடைய ஐம்பத்தெட்டாவது வயதில் முதல் தடவையாக ஒரு ஹோட்டலில் தங்கப் போனான்.

நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி கட்டிய ஹோட்டல். வளவுக்குள்ளேயே பெரிய ராட்டினம், ஆடுகிற கப்பல், மூன்று மாடி உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கி விழுகிற குழாய்கள் எல்லாம் இருந்தன. சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் அங்கே வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. முனீப் போனது மார்கழியில். மழை விட்டு விட்டுப் பெய்தது. கடல் கலங்கிச் சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தது. வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. முனீப்பும் பெண்சாதியும் பிடித்து வந்த வாடகை ஓட்டோவைக் கண்டதும் வாசல் காவல்காரன் எழும்பி ஓடிவந்தான். வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பத்தான் வந்தான்.

உள்ளே மனேஜர் யோகலிங்கம் வரவேற்றான். நாற்பது வயதிருக்கும். சட்டையில் பெயர்த் தகடு குத்தியிருந்தான்.

“வாங்கோ நானா, வாங்கோ அக்கா. மழைக்குள்ள கஷ்டப்பட்டு வந்திருக்கிறியள்.” அண்ணன் என்பதற்கு முஸ்லிம்கள் சொல்லும் நானா அவன் வாயில் சரளமாக வந்தது.

முனீப்பின் பெண்சாதி பரீதா நாலு பக்கமும் பார்த்தாள். “மத்த ஆக்கள் எங்க தம்பி?”

“இண்டைக்கு நீங்க ரெண்டு பேரும்தான் அக்கா.”

“இந்த முழு ஹோட்டலுக்குமா?”

“ஓம்.”

“அப்ப கூட்டித் துடைக்கிறதும் நாங்கதானா?”

யோகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். முனீப்பும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அவன் சொல்ல வேண்டிய கதை இதுதான். அவர்கள் குடியிருக்கிற வீட்டை மகளும் மருமகனும் விற்கப் போகிறார்கள். வாங்க வருகிறவர்கள் இந்தச் சனியும் ஞாயிறும் வந்து வீட்டை அளந்து பார்ப்பார்கள். அந்த நேரம் பரீதா வீட்டில் இருக்கக் கூடாது. அதனால்தான் மகள் ரிஸ்லா இந்த ஹோட்டலில், ஆள் வராத காலத்து அரை விலைக்கு, இரண்டு நாளைக்கு அறை பிடித்துக் கொடுத்தாள்.

வீடு ரிஸ்லாவின் பெயரில் இருக்கிறது. கிண்ணியாவில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். தாய் தகப்பன் அதே வீட்டில் ஒரு அறையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் பின்வளவில் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். விவரமானவர்கள் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்போது சீவிய உரித்து என்று ஒரு வரி போட்டுக்கொள்வார்கள். வீடு மகளுக்குத்தான், ஆனால் தாய் தகப்பன் மௌத்தாகும் வரைக்கும் அதில் இருக்கலாம், அவர்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் விற்க முடியாது. ஒரே ஒரு வரி. முனீப் அந்த வரியைப் போடவில்லை. போடாததைப் பெண்சாதியிடம் சொல்லவும் இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்த கலியாணப் பேச்சில் வந்த வினை அது. மாப்பிள்ளை பகுதியில் பதினைந்து ஆம்பிளைகள் வந்து கதிரைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: “சீவிய உரித்துப் போட்டுத்தானே எழுதுவீங்க?”

முனீப் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதின்மூன்று வயதில் வாகனம் திருத்துகிற கராச்சுக்கு வேலைக்குப் போய் நெருப்பைப் பார்க்கத் தொடங்கினான். டிரக்டர் பெட்டி, வள்ளத்துச் சுக்கான், பள்ளிவாசல் யன்னல் கம்பி, எதைக் கேட்டாலும் ஒட்டிக் கொடுப்பான். ஊரில் அவனை முனீப் என்று கூப்பிடுகிறவர்களே குறைவு. ‘டேய் வெல்டிங்’ என்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு முன்னால் அன்றைக்குப் பதினைந்து பேர் வெள்ளை உடுப்போடு இருந்துகொண்டு அவன் வாயைப் பார்த்தார்கள்.

“என்ட புள்ளட ஊட்டுல இரிக்க எனக்கென்னத்துக்கு உரித்து?” என்றான் முனீப். “அவ ஏறச் சொன்னா ஏறுவன், இறங்கச் சொன்னா இறங்குவன்.”

“மாஷா அல்லாஹ்!” என்றது சபை. ஒருவர் எழும்பி வந்து கையைப் பிடித்தார். அந்தச் சொல்லைக் கடைத்தெருவில் ஒரு மாதம் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். முனீப் அதைக் கேட்டுக் கேட்டுத் தேத்தண்ணி குடித்தான்.

உறுதி முடித்துவிட்டு வந்த அன்று பரீதா குசினிக்குள் சமைத்தபடி கேட்டாள்: “உரித்துப் போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கென்று வாப்பா சீதனமாகக் கொடுத்த வீடு கரையோரம் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டு போய்விட்டது. பிறகு உள்ளுக்குக் கிடைத்த காணித் துண்டு முனீப்பின் பெயருக்கு வந்தது. அதில்தான் இந்த வீட்டை வரிசை வரிசையாகக் கல் வைத்து ஏழு வருடமாகக் கட்டினார்கள். மண் சுமந்தவள் அவள். ஒரு வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு மற்ற வீட்டின் மேல் ஒரு கண் இருக்கத்தானே செய்யும்.

மருமகன் சஜீத்தைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. வங்கியில் வேலை. மாமா, மாமி என்று மரியாதையாகத்தான் இருந்தான். நாட்டில் சாமான் விலை ஏறிய நாளிலிருந்து அவனுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது மாமாவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் இங்கிலாந்துக் கதையைச் சொன்னான். ரிஸ்லாவுக்கு அங்கே வேலை சரிவந்திருக்கிறது, அவளோடு இவனும் போகலாம், வீட்டை விற்றால்தான் போகலாம்.

“மாமிக்கு நீங்கதான் சொல்லணும் மாமா. நாங்க சொன்னா ஊடு ரெண்டாகும். ரிஸ்லா ஹோட்டல்ல ரூம் ஒண்டு பிடிச்சுத் தருவா, அங்க கூட்டிட்டுப் போய் ஆறுதலாச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஒரு வாடக ஊடு பாத்துத் தருவன்.”

ஏறச் சொன்னால் ஏறுவேன், இறங்கச் சொன்னால் இறங்குவேன் என்று சபையில் சொன்ன வாயால் முனீப் என்ன சொல்ல? ஓம் என்றான்.

அறைக்குள் போனதும் பரீதா முதலில் கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“இஞ்ச வாங்க, ரிஸ்லாட வாப்பா! தண்ணி தானாச் சுடுது!”

அவளுடைய இரண்டு முழங்கால்களும் வீங்கியவை. அரை மணித்தியாலம் அந்தத் தண்ணீரைக் காலில் விட்டுக்கொண்டு இருந்தாள். வெளியே வந்தபோது முகம் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. கொண்டு வந்த பையை அவிழ்த்தாள். தொழுகைப் பாய், பிளாஸ்க், சுற்றிக் கட்டிய சோறு, கட்டைச் சம்பல்.

“ஹோட்டலுக்கும் சோறு கட்டி வந்தியா?”

“ஹலாலோ ஹராமோ, ஆருக்குத் தெரியும்? அவங்கட சாப்பாட்ட நாளைக்குப் பாப்பம்.” சோற்றைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினாள். “புள்ள நமக்கு ஒரு குறையும் வைக்கல்ல என்ன? இஞ்ச பாருங்க, திரும்பிப் போன கையோட பின் குசினிட கூரைத் தகட்ட மாத்துங்க. இந்த மாரியோட அது போயிரும்.”

இப்போது சொல்லலாம் என்று முனீப் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டான். நாளைக்குச் சொல்லலாம்.

மழை ஓய்ந்த நேரம் இருவரும் வளவைச் சுற்றிப் பார்த்தார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்கிவிட்டிருந்தார்கள். அடியில் இலையும் சேறும் தவளையும். சறுக்குக் குழாயின் வாயில் காகம் இருந்தது. ஆடுகிற கப்பலைப் படங்கு போட்டு மூடியிருந்தார்கள். ‘நீச்சல் உடுப்பு இல்லாமல் இறங்கக் கூடாது’ என்று ஒரு பலகை.

“தண்ணியே இல்ல, பலகைய மட்டும் கழட்ட மறந்துட்டாங்க,” என்றாள் பரீதா. அவள் கடலைப் பார்த்தாள். முனீப் இரும்பைப் பார்த்தான். அவனுக்கு வேறெதையும் பார்க்கத் தெரியாது. ராட்டினத்தின் காலில் கையை வைத்துத் தடவினான். உப்புக் காற்று பூச்சை உரித்திருந்தது. தொங்குகிற பெட்டிகளில் பாதி, பிடி அறுந்து ஒரு பக்கம் சரிந்து நின்றன.

“இந்த வெல்டிங்க எவன் வச்சவன்? கோழி எச்சம் மாதிரிக் கெடக்கு.”

“சும்மா வாங்க. ஊர் பாக்க வந்த இடத்திலயும் ஒங்கட கராச்.”

அடுத்த நாள் காலையில், பரீதா மறுபடியும் சுடுதண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு இருந்தபோது, முனீப் யோகலிங்கத்திடம் போனான்.

“தம்பி, ஒங்களுக்கிட்ட வெல்டிங் பிளான்ட் இருக்கா?”

“இருக்கு நானா. ஏன்?”

“அந்தப் பெட்டிகள்ர பிடிய ஒட்டித் தாறன். பாக்கவே வயித்தெரிச்சலாக் கெடக்கு.”

யோகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “நீங்க விருந்தாளி நானா, உங்களிட்ட எப்பிடி... ஆனா செய்தா பெரிய உதவி. டவுனில இருந்து ஆள் வாறன் வாறன் எண்டு ஏமாத்துறான்.”

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. காவல்காரனும் முனீப்பும் பெட்டிகளைக் கழற்றி அதற்குள் கொண்டு வந்தார்கள். முனீப் துருவைச் சுரண்டினான், பழைய ஒட்டை வெட்டி எறிந்தான், புதிதாக ஒட்டினான். ஒவ்வொரு பிடியிலும் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். கொட்டிலுக்குப் பக்கத்தில் வேலைக்காரருக்குக் கட்டிய சின்ன வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தான். இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே பைப். ஆள் இருந்து கன நாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு இரும்பு இருக்கிற இடத்துக்கு ஒரு வெல்டிங்காரன் நிரந்தரமாகத் தேவைதானே? சம்பளம் கிடக்கட்டும். இந்தச் சின்ன வீட்டைத் தந்தால் போதும். பிறகு பரீதாவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: அந்த வீடு போனது, இந்தா இந்த வீடு. இரண்டாவது சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் முதல் சொல்லைச் சொல்லலாம். அந்த இரண்டு கிழமையில் முதல் தடவையாக முனீப்புக்கு வயிறு பசித்தது.

கடைசிப் பெட்டியை ஒட்டி முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. யோகலிங்கம் தேத்தண்ணி கொண்டு வந்தான். பிடியைத் தட்டிப் பார்த்தான்.

“நானா, இது இனிச் சாகும் மட்டும் கழராது.”

“கழராது. தம்பி, ஒரு கதை. ஒங்களுக்கு இஞ்ச ஒரு வெல்டிங்காரன் தேவல்லையா? நானும் என்ட பொஞ்சாதியும் அந்தச் சின்ன ஊட்டுல இருந்துக்குவம். ராட்டினத்த நான் பாத்துக்குவன். அவ கூட்டித் துப்பரவாக்குவா.”

யோகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“நானா, நான் முதலே சொல்லியிருக்க வேணும். முதலாளி இதெல்லாத்தையும் வித்துட்டார். ராட்டினம், கப்பல், குழாய் எல்லாம். குருநாகல்ல ஒரு ஆள் வாங்கியிருக்கிறார். வாற கிழமை கிரேன் வருது. பெட்டியள் வழியில கழண்டு விழும், ஒட்டாம ஏத்தமாட்டம் எண்டு அவையள் சொன்னவை. அதுதான்...”

“நான் ஒட்டினது ஏத்திப் போறதுக்கா?”

“ஓம் நானா. பொழுது போகாம நீங்க கேட்கிறியள் எண்டு நினைச்சுப் போட்டன்.”

“அந்தச் சின்ன ஊடு?”

“அதையும் இடிக்கினம். அறையள் மட்டும்தான் இனி. எனக்கே மாசி வரைக்கும்தான் வேலை.” யோகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “கோவிக்காதையுங்கோ.”

“உன்னோட என்ன கோவம்?” என்று சொல்லிவிட்டு முனீப் கையைக் கழுவப் போனான். நகத்துக்குள் இருந்த கறுப்பு போகவில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் அறுபது கதிரைகள் இருந்தன. இரண்டில் இவர்கள். ஹலால்தான் என்று யோகலிங்கம் சத்தியம் பண்ணிய பிறகு பரீதா அன்றைக்கு ஹோட்டல் சோற்றில் கை வைத்தாள். சமையல்காரன் சிங்களப் பையன். அவர்கள் சாப்பிடுவதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“மீன் நல்லா இருக்கு. உப்புத்தான் காணா,” என்றாள் பரீதா.

இதற்கு மேல் தள்ளிப்போட நாள் இல்லை. நாளைக் காலையில் போக வேண்டும்.

“பரீதா.”

“ம்.”

“ஊடு விக்கப் போறாங்க.”

“ஆர்ர ஊடு?”

“நம்மட ஊடு. சஜீதும் ரிஸ்லாவும் இங்கிலாந்து போறாங்களாம்.”

பரீதா சிரித்தாள். “நாம இருக்கக்குள்ள எப்பிடி விப்பாங்க? நாமெல்லோ கையெழுத்து வைக்கணும்.”

“வைக்கத் தேவல்ல.”

சமையல்காரன் கிட்டே வந்தான். “கறி நல்லமா, அம்மா?”

“நல்லம் மகன்,” என்றாள் அவள். அவன் சந்தோஷமாகப் போனான். அவள் திரும்பினாள். “உரித்துப் போட்டாச்செண்டு சொன்னீங்க.”

“சொன்னன்.”

“போடல்லயா?”

“போடல்ல.”

அவள் விரலில் இருந்த சோற்றைத் தட்டில் உதறினாள். “பேச்சுக்கு வந்தவங்களுக்கு முன்னால பெரிய மனுசனாகப் பாத்தீங்களாக்கும்.”

அதேதான் நடந்தது.

“எப்ப தெரியும்?”

“ரெண்டு கிழமை.”

“இதச் சொல்லத்தான் என்னைய இஞ்ச கூட்டி வந்தீங்க?”

“ஓம்.”

“ரிஸ்லாக்கும் தெரிஞ்சுதான் அனுப்பின?”

“ஓம்.”

“அப்ப தெரியாம வந்தது நான் மட்டும்.”

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து மகளைக் கூப்பிட்டாள். ரிஸ்லா ‘உம்மா’ என்ற சொல்லோடேயே அழத் தொடங்கிவிட்டாள்.

“அழாம கதை. வித்தாச்சா?”

“காலையில அச்சாரம் வாங்கியாச்சு உம்மா. என்னோட கோவிக்காதீங்க. வாப்பாதானே முழுசா எழுதித் தந்த. உரித்து இருந்திருந்தா சஜீத் இந்தக் கதையையே எடுத்திருக்கமாட்டாரு. வேற வழி பாத்திருப்பாரு.”

முனீப் தட்டைத் தள்ளி வைத்தான்.

“நீ அங்க போய் என்ன வேல செய்யப் போறா?” என்று பரீதா கேட்டாள்.

“வயசுபோன ஆக்களப் பாக்கிற வேல உம்மா.”

“நல்லாப் பாரு புள்ள,” என்று சொல்லிவிட்டுப் பரீதா போனை வைத்தாள்.

அதன் பிறகு அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் முனீப்புக்குத் தெரியும் என்ன செய்வதென்று. முப்பத்திரண்டு வருடம் பிடித்த சண்டைதானே. அவள் அறைக்குப் போய் அஸருக்குத் தொழுதாள், பாயை மடித்தாள், உடுப்பையெல்லாம் பையில் அடுக்கினாள். குளியலறைப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் யோகலிங்கம் டவுனுக்கு ஹோட்டல் வேனில் அனுப்பினான். திருகோணமலை நிலையத்தில் மூதூர் பஸ் நின்றது. கிண்ணியாவுக்கும் அதில்தான் போக வேண்டும். பாதிக் கதிரைகள் வெறுமை. பரீதா யன்னல் பக்கம் இருந்தாள். மடியில் பை.

கொண்டக்டர் வந்தான்.

“கிண்ணியா ரெண்டு,” என்றான் முனீப்.

“கிண்ணியா ஒண்டு,” என்றாள் பரீதா. “மூதூர் ஒண்டு.”

கொண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஒண்டாத்தானே ஏறினீங்க?”

“ஓம் தம்பி. ஒண்டாத்தான் ஏறின.”

அவன் இரண்டு துண்டைத் தனித்தனியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். மூதூரில் பரீதாவின் தங்கை இருக்கிறாள். அவளுக்கும் கட்டிக் கொடுக்க வேண்டிய இரண்டு குமர்கள்.

“தங்கச்சிட ஊட்டுக்கா?” என்று முனீப் மெதுவாகக் கேட்டான்.

“ஓம்.”

“நானும் வரட்டா?”

“அது அவட ஊடு. அடுத்தவங்கட ஊட்டுல நான் ஒரு ஆள் போய் நிக்கிறதே போதும்.”

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே குடாத் தண்ணீர் மழையில் மண் நிறமாக ஓடியது. பரீதா பையைத் திறந்து அவனுடைய இரண்டு சாரனையும் சட்டையையும் எடுத்தாள். ஒரு சொப்பிங் பைக்குள் மடித்து வைத்து அவன் கையில் கொடுத்தாள். மடித்ததில் ஒரு குறையும் இல்லை.

“நீ எப்ப வருவா?” என்றான்.

“எங்க?” என்று கேட்டாள் அவள்.

குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை அது. உண்மையாகவே கேட்டாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிண்ணியாச் சந்தியில் முனீப் இறங்கினான். மழைக்குக் கண்ணாடியெல்லாம் இழுத்து மூடியிருந்தபடியால் அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் போய்விட்டது. மூடியிருந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றான். நின்ற இடத்தில் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. சஜீத்.

“மாமிக்குச் சொல்லிட்டீங்களா மாமா?”

“சொல்லிட்டன்.”

“பெரிசா ஒண்டும் சொல்லல்லயே?”

முனீப் பஸ் போன ரோட்டைப் பார்த்தான்.

“இல்ல,” என்றான். “ஒண்டும் சொல்லல்ல.”